"அண்ணா, நான் நடிக்கிறேன்" என்று சொன்ன பையன்

வாசகர் கடிதம்:

அன்புள்ள அக்காவுக்கு ஸ்தோத்திரம். எனக்கு 28 வயது. ராயபுரத்துக்கும் காசிமேட்டுக்கும் நடுவில் இருக்கும் ஒரு சபையில் நாலு வருடமாக வாலிபர் ஊழியத்தைப் பார்த்துக்கொள்கிறேன். மே மாதம் பிள்ளைகளை மூன்று நாள் கேம்ப் கூட்டிப்போனோம். 34 பேர் வந்தார்கள். கடைசி நாள் ராத்திரி அழாத பிள்ளை இல்லை. எல்லாரும் தங்களை ஆண்டவருக்கு ஒப்புக்கொடுத்தார்கள். இப்போது ஆகஸ்ட். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் 11 மணிக்கு நடக்கும் வாலிபர் கூட்டத்துக்கு 12 பேர் வந்தாலே அதிகம். வருகிற பையன்களும் தூங்கி வழிகிறார்கள். எங்கள் ஐயர் (சபைப் போதகர்) "என்னப்பா, எண்ணிக்கை குறையுதே" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

இதைவிட என்னை அலைக்கழிப்பது ஒரு பையன். பதினொன்றாம் வகுப்பு. அப்பா விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவர், அம்மா காசிமேட்டில் மீன் விற்கிறார். அவன்தான் எங்கள் கூட்டத்தில் பாட்டு நடத்துகிறவன், கிட்டாரும் வாசிப்பான். போன மாதம் கூட்டம் முடிந்து நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்தபோது என்னிடம் வந்து, "அண்ணா, நான் நடிக்கிறேன். கையத் தூக்குறேன், கண்ண மூடுறேன், உள்ள ஒண்ணுமே இல்ல. ஜெபம் பண்ணா செவுத்துக்கிட்ட பேசுற மாதிரி இருக்கு. கேம்ப்ல எல்லாரும் அழுதாங்கன்னுதான் நானும் அழுதேன்" என்றான். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "அது பிசாசு கொண்டுவர்ற சோதனைடா, மூணு நாள் உபவாசம் இருந்து ஜெபி" என்று சொல்லி அனுப்பினேன். அதற்கப்புறம் அவன் வரவில்லை. வாட்ஸ்அப் குரூப்பிலிருந்தும் வெளியே போய்விட்டான். அவன் விசுவாசத்தை விட்டுப் பின்வாங்கிப் போய்விட்டானா? ஐயரிடமும் அவன் அம்மாவிடமும் சொல்லட்டுமா? பிள்ளைகள் ஆவிக்குரிய வாழ்க்கையில் வளர நான் இன்னும் என்னதான் செய்ய வேண்டும்?

(ஒரு வாலிபர் தலைவர், வடசென்னை)

அன்புத் தம்பிக்கு,

உங்கள் கடிதத்தில் இருப்பதிலேயே நல்ல செய்தி எது என்று கேட்டால், நாற்காலி அடுக்கும்போது அந்தப் பையன் வந்து சொன்ன அந்த நாலு வரியைத்தான் சொல்வேன். 34 பேர் அழுததைவிட எனக்கு அது பெரிதாகப் படுகிறது. அவன் பாட்டு நடத்துகிறவன். சபையில் இருக்கும் அம்மாக்கள் தங்கள் பிள்ளைகளிடம் "அவனப் பாரு, எப்படி இருக்கான்" என்று காட்டுகிற பையனாக இருந்திருப்பான். அப்படிப்பட்டவன் வாயைத் திறந்து "நான் நடிக்கிறேன்" என்று சொல்வதற்கு எத்தனை ராத்திரி புரண்டு படுத்திருப்பான் என்று நினைத்துப் பாருங்கள். மே மாதத்திலிருந்து அதைச் சுமந்துகொண்டு திரிந்திருக்கிறான். யாரிடம் சொல்லலாம் என்று தேடி, கடைசியில் உங்களிடம் வந்திருக்கிறான். அதுவும் மற்றவர்கள் போன பிறகு, கையில் ஒரு வேலை இருக்கும்போது, முகத்துக்கு முகம் பார்க்காமல் பேசக்கூடிய நேரமாகப் பார்த்து. இந்த வயதுப் பையன்கள் மனதில் கிடக்கும் பெரிய விஷயத்தை இப்படித்தான் பேசுவார்கள். நாற்காலியை மடக்கிக்கொண்டு, பைக்கில் பின்னால் உட்கார்ந்துகொண்டு, கிரிக்கெட் மட்டையைத் தட்டிக்கொண்டு.

அவன் பின்வாங்கிப் போகவில்லை. பின்வாங்குகிறவர்கள் வந்து சொல்லிவிட்டுப் போவது அபூர்வம். ஒரு ஞாயிறு வருவார்கள், அடுத்த ஞாயிறு வரமாட்டார்கள், அப்புறம் பெயரே மறந்துபோகும். இவனுக்கு நடிப்பு உறுத்துகிறது. கடவுளுக்கு முன்னால் பொய்யாக நிற்கக் கூடாது என்கிற பயம் உள்ளே இருப்பதால்தானே உறுத்துகிறது? "உள்ள ஒண்ணுமே இல்ல" என்று அவன் சொல்கிறான். எனக்கு உள்ளே நிறைய இருப்பதாகத் தெரிகிறது.

நீங்கள் சொன்ன பதிலுக்கு வருகிறேன். பதற்றத்தில் சொன்னீர்கள், புரிகிறது. ஆனால் அவன் காதில் அது எப்படி விழுந்திருக்கும்? உண்மையைச் சொன்னான், அது பிசாசின் வேலை என்று கேட்டுவிட்டான். ஜெபம் சுவரில் மோதுகிறது என்றான், இன்னும் மூன்று நாள் அதே சுவரில் பட்டினியோடு மோது என்று கேட்டுவிட்டான். இதை உங்களைக் குறை சொல்வதற்காக எழுதவில்லை. பதின்பருவப் பிள்ளைகளுக்கு ஆலோசனை சொல்வது என் தொழில். அதற்கு முன்னால் ஆறு வருடம் ஞாயிறு பள்ளியில் பாடம் எடுத்தேன். எனக்கு அப்போது 23 வயது. ஒன்பதாவது படிக்கும் ஒரு பெண், "எனக்கு இதெல்லாம் நிஜமான்னே தெரியலக்கா" என்று என்னிடம் சொன்னாள். நான் அதை ஜெபக் குறிப்பாக்கினேன். ஆசிரியர்கள் கூடும் சனிக்கிழமை ஜெபத்தில் அவள் பெயரைச் சொல்லி, பாரத்தோடு, கண்ணீரோடு ஜெபித்தேன். மறுநாள் காலை அது அவள் பாட்டி வரைக்கும் போயிருந்தது. அந்தப் பெண் அப்புறம் மூன்று வருடம் தவறாமல் சபைக்கு வந்தாள், ஆனால் ஒரு வார்த்தை பேசவில்லை. என்னைப் பார்த்தால் சிரிப்பாள், அவ்வளவுதான். அந்தச் சிரிப்பு இன்றைக்கும் எனக்கு மறக்கவில்லை. அதனால்தான் ஐயரிடம் சொல்லட்டுமா, அம்மாவிடம் சொல்லட்டுமா என்று நீங்கள் கேட்டதும் முதலில் சொல்கிறேன்: சொல்லாதீர்கள். அவன் உங்களை நம்பிக் கொடுத்தது. அவன் சரி என்று சொல்லாமல் அது உங்கள் வாயிலிருந்து வெளியே போகக் கூடாது. ஜெபக் குறிப்பாகவும் போகக் கூடாது. இதற்கு விதிவிலக்கு உண்டு, கீழே சொல்கிறேன்.

கேம்ப் விஷயத்துக்கு வருவோம். கேம்பில் பிள்ளைகள் அழுதது பொய் என்று நான் சொல்ல மாட்டேன். மூன்று நாள் வீட்டுச் சண்டை இல்லை, டியூஷன் இல்லை, பாதி நேரம் போன் இல்லை. சிநேகிதர்கள் கூடவே இருக்கிறார்கள். தூக்கம் குறைவு. கடைசி ராத்திரி விளக்கைக் குறைத்து மெதுவாக ஒரு பாட்டு. பக்கத்தில் ஒரு பிள்ளை விம்மினால் இந்தப் பிள்ளைக்கும் தொண்டை அடைக்கும், இந்த வயதின் இயல்பு அது. அந்த ராத்திரியில் கடவுள் சில பிள்ளைகளைத் தொட்டிருப்பார், அதை நான் முழுமனதோடு நம்புகிறேன். சில பிள்ளைகள் வீட்டில் அழ இடமில்லாமல் அங்கே அழுதிருப்பார்கள், அதுவும் நல்லதுதான். சில பிள்ளைகள் கூட்டத்தோடு கூட்டமாக அழுதிருப்பார்கள். வெளியிலிருந்து பார்க்கும் உங்களுக்கும் எனக்கும் எது எது என்று தெரியாது. கண்ணீரை வளர்ச்சியின் அளவுகோலாக வைத்தால் என்ன ஆகும் என்றால், பிள்ளைகள் அதைக் கற்றுக்கொள்வார்கள். அண்ணனுக்கு எது பிடிக்கும், எந்த இடத்தில் கையைத் தூக்கினால் அக்கா வந்து தலையில் கை வைப்பார் என்று அவர்களுக்குச் சீக்கிரம் தெரிந்துவிடும். மூன்று கேம்பில் மூன்று தடவை ஒப்புக்கொடுத்த பிள்ளைகள் உங்கள் கூட்டத்திலேயே இருப்பார்கள், கேட்டுப் பாருங்கள். முதல் இரண்டு தடவை என்ன ஆனது என்று யாரும் அவர்களிடம் உட்கார்ந்து கேட்டிருக்க மாட்டார்கள்.

பதினொன்று பன்னிரண்டு வயதுக்கு மேல்தான் பிள்ளைகளுக்குக் கண்ணுக்குத் தெரியாததைப் பற்றி ஆராய்ந்து யோசிக்கும் திறன் வருகிறது. அதுவரை அம்மா சொன்னது, ஞாயிறு பள்ளி டீச்சர் சொன்னது அப்படியே போதும். அப்புறம்தான் "ஏன்?" "எப்படித் தெரியும்?" என்று ஆரம்பிக்கும். விசுவாசம் வயதோடு எப்படி மாறுகிறது என்று ஆராய்ந்த ஜேம்ஸ் ஃபவுலர் 1981இல் எழுதியது எனக்கு இந்த வேலையில் அடிக்கடி உதவுகிறது. பதின்பருவத்தில் பெரும்பாலான பிள்ளைகளின் விசுவாசம் சுற்றியிருக்கிறவர்களின் விசுவாசம்தான், அதைத் தன்னுடையது என்று எடுத்து ஆராய்ந்து பார்ப்பது அதற்கடுத்த கட்டம் என்பார் அவர். 1966இல் ஜேம்ஸ் மார்சியா என்ற உளவியலாளர், "நான் யார்" என்ற கேள்விக்கு இளையோர் நாலு விதமாக நிற்பதைக் காட்டினார். அதில் ஒன்று, எதையும் தேடிப் பார்க்காமல் பெரியவர்கள் கொடுத்ததை அப்படியே வாங்கி மாட்டிக்கொள்வது. இன்னொன்று, இன்னும் முடிவுக்கு வராமல் தேடிக்கொண்டே இருப்பது. தேடுகிற பிள்ளை வெளியே பார்க்கக் கலங்கித்தான் தெரியும். கேட்டதற்கெல்லாம் தலையாட்டுகிற பிள்ளை அமைதியாகத் தெரியும். சபையில் நாம் தலையாட்டுகிற பிள்ளையைப் பார்த்து நிம்மதியாகி, தேடுகிற பிள்ளையைப் பார்த்துப் பயப்படுகிறோம். கல்லூரிக்கும் வேலைக்கும் போன பிறகு யார் நிற்கிறார்கள் என்று பார்த்தால், தேடிவிட்டு வந்த பிள்ளைகளைப் பற்றி எனக்குக் கவலை குறைவு.

நம் ஊருக்கு இயேசுவின் சீஷரான தோமா புதியவர் இல்லை. சாந்தோம், சின்னமலை, பரங்கிமலை மூன்றும் அவர் பேரைச் சொல்லித்தான் நிற்கின்றன. இயேசு உயிர்த்தெழுந்தார் என்று மற்றவர்கள் சொன்னபோது "காயத்தில் விரலைப் போட்டுப் பார்த்தால்தான் நம்புவேன்" என்று அவர் சொன்னதை எல்லாரும் பிரசங்கம் பண்ணுகிறோம். யோவான் 20ஆம் அதிகாரத்தில் அதற்கு அடுத்த வரியைக் கவனித்திருக்கிறீர்களா? எட்டு நாளைக்குப் பிறகு சீஷர்கள் மறுபடி வீட்டுக்குள் இருந்தார்கள், தோமாவும் அவர்களோடு இருந்தார். அந்த எட்டு நாளும் நம்பாத ஒருவர் நம்பிய பத்துப் பேரோடு ஒரே வீட்டில் சாப்பிட்டுத் தூங்கியிருக்கிறார். யாரும் அவரை வெளியே போகச் சொல்லவில்லை, அவரும் போகவில்லை. இயேசு வந்தபோது அவர் அங்கே இருந்தார். உங்கள் பையனுக்கு அந்த எட்டு நாள் தேவைப்படுகிறது. எட்டு மாதமாகலாம், மூன்று வருடமும் ஆகலாம். அவன் வாட்ஸ்அப் குரூப்பை விட்டுப் போனது, அந்த வீட்டில் தனக்கு இடமில்லை என்று நினைத்ததால்.

சரி, எண்ணிக்கைக்கு வருவோம். நீங்கள் ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போனதை நான் மூன்று தடவை படித்தேன். அப்பா விசைப்படகில் போகிறவர், அம்மா காசிமேட்டில் மீன் விற்கிறவர். உங்கள் கூட்டத்தில் இன்னும் எத்தனை பிள்ளைகள் அப்படி? கேம்ப் நடந்தது மே மாதம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகெல்லாம் கரையில் கட்டிக்கிடக்கும், அப்பாக்கள் வலை பின்னிக்கொண்டு வீட்டில் இருப்பார்கள், பள்ளிக்கூடமும் லீவு. பிள்ளைகளைக் கேம்ப் அனுப்ப இதைவிட நல்ல நேரம் வருடத்தில் கிடையாது. ஜூன் நடுவில் படகு இறங்கிவிட்டது. அப்புறம் ஞாயிறு என்றால் காசிமேட்டில் என்ன நடக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? சென்னை முழுக்க மீன் வாங்க அங்கே வரும் நாள் அது. விடிவதற்கு முன்பே ஏலம் ஆரம்பித்துவிடும். அம்மா கூடை எடுத்தால் பையன் ஐஸ் உடைக்க வேண்டும், தண்ணீர் தூக்க வேண்டும், வஞ்சிரமும் சங்கராவும் வாங்க வந்தவர்களுக்குச் சில்லறை கொடுக்க வேண்டும். காலை மூன்று மணிக்கு எழுந்த பிள்ளை, கை நாற்றம் போகச் சோப்புப் போட்டுக் குளித்துவிட்டு, 11 மணிக்கு உங்கள் எதிரில் உட்கார்ந்து தூங்கி வழிகிறான். அவனைப் பார்த்து "ஆவியில் அனல் குறைந்துவிட்டது" என்று நாம் முடிவு கட்டலாமா?

அப்போஸ்தலர் நடபடிகளில் ஐத்திகு என்று ஒரு வாலிபன் வருகிறான். பவுல் நடுராத்திரி வரை பேசிக்கொண்டே போக, ஜன்னலில் உட்கார்ந்திருந்தவன் தூங்கி மூன்றாம் மாடியிலிருந்து விழுகிறான். அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை லீவு நாள் கிடையாது. ரோமப் பேரரசன் கான்ஸ்டன்டைன் ஞாயிறை ஓய்வுநாளாக அறிவித்ததே 321இல்தான். பகலெல்லாம் வேலை பார்த்துவிட்டுத்தான் அந்தப் பையன் வந்திருப்பான் என்று நான் நினைத்துக்கொள்வேன். பவுல் அவனைக் கடிந்துகொண்டதாக ஒரு வார்த்தை இல்லை. பேச்சை நிறுத்தினார், கீழே இறங்கிப் போனார், அவனை அணைத்துக்கொண்டார். ஞாயிறு பள்ளி என்ற ஏற்பாடு பரவியதும் இப்படிப்பட்ட பிள்ளைகளால்தான். 1780இல் இங்கிலாந்தின் குளஸ்டர் நகரில் ராபர்ட் ரெய்க்ஸ் அதை ஆரம்பித்தபோது, வாரத்தில் ஆறு நாள் வேலைக்குப் போகும் ஏழைப் பிள்ளைகளுக்கு மிச்சமிருந்த ஒரே நாள் என்றுதான் ஞாயிறைத் தேர்ந்தெடுத்தார். உங்கள் பிள்ளைகளுக்கு ஞாயிறுதான் வேலை நாள். கூட்டத்தைப் புதன்கிழமை சாயங்காலம் ஆறரை மணிக்கு மாற்ற முடியுமா என்று ஐயரிடம் கேளுங்கள். பத்தாவது, பன்னிரண்டாவது படிக்கிற பிள்ளைகளுக்கு எந்த நாள் டியூஷன் இல்லை என்று விசாரித்துவிட்டுக் கேளுங்கள். ஒரு மணி நேரம் போதும். அதில் நீங்கள் பேசுவது பதினைந்து நிமிஷத்தைத் தாண்ட வேண்டாம், மிச்ச நேரம் அவர்கள் பேசட்டும்.

ஐயர் எண்ணிக்கை கேட்கிறார் என்றால் கோபப்படாதீர்கள், அவரையும் மேலே யாரோ கேட்பார்கள். இந்தத் தடைக்காலக் கணக்கை அவர் முன்னால் வையுங்கள். அதோடு, 34 பிள்ளைகளில் எத்தனை பேர் வீட்டுக்கு நீங்கள் போயிருக்கிறீர்கள் என்ற எண்ணையும் சேர்த்து வையுங்கள். அது உங்கள் கையில் இருக்கிற எண்.

வீடு என்றதும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. அமெரிக்காவில் 2000களில் பதின்பருவத்தினரின் சமய வாழ்க்கையைப் பற்றிக் கிறிஸ்டியன் ஸ்மித் என்ற சமூகவியலாளர் நடத்திய பெரிய ஆய்வில், பிள்ளைகளின் விசுவாசத்தில் ஆகப்பெரிய பங்கு பெற்றோருக்குத்தான் என்று வந்தது. நம் ஊரில் இதற்கு ஆய்வு தேவையில்லை. வாலிப ஊழியரான தீமோத்தேயுவுக்குப் பவுல் எழுதும்போதே பாட்டி லோவிசாளையும் அம்மா ஐனிக்கேயாளையும் பெயர் சொல்லித்தான் ஆரம்பிக்கிறார். அந்தப் பையனின் அம்மா ஏலத்தில் கூடை எடுப்பதற்கு முன் வாய்க்குள் ஏதோ முணுமுணுப்பாரா என்று பாருங்கள். கணவர் கடலில் இருக்கும்போது காற்று மாறினால் அவர் எப்படி ஜெபிப்பார் என்று அவன் சின்ன வயதிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறான். கேம்ப் மேடையில் கேட்கும் ஜெபத்தைவிட அந்த ஜெபம் அவனுக்கு நிஜமாகப் படலாம். ஆனால் அதையும் ஜெபம் என்று சொல்லலாம் என்பது அவனுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். நாம்தான் கண்ணை மூடி, கையைத் தூக்கி, குரலை உயர்த்தினால் ஜெபம் என்று பழக்கிவிட்டோமே.

சுவரோடு பேசுவது போல இருக்கிறது என்றானே, அதற்கு வேதத்தில் பதில் இருக்கிறதோ இல்லையோ, துணை இருக்கிறது. சங்கீதம் 13 "எதுவரைக்கும்?" என்ற கேள்வியோடுதான் ஆரம்பிக்கிறது. 88ஆம் சங்கீதம் இருளிலேயே முடிந்துவிடுகிறது, கடைசியில் ஒரு அல்லேலூயாகூட இல்லை. 22ஆம் சங்கீதத்தின் முதல் வரியை இயேசுவே சிலுவையில் சொன்னார். இந்த மூன்றையும் அவனோடு உட்கார்ந்து சத்தமாக வாசியுங்கள், விளக்கம் சொல்லாதீர்கள். அவன் விரும்பினால் தன் சொந்த வார்த்தையில் ஒன்று எழுதட்டும். என்னிடம் வந்த ஒரு பெண் பிள்ளை கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிக் காட்டினாள் (அவள் சம்மதத்தோடுதான் இதைச் சொல்கிறேன்): "இயேசப்பா, இன்னிக்கும் நீங்க ஒண்ணும் பேசல. நானும் பேசல. குட்நைட்." பத்து வார்த்தைகூட இல்லை. நான் கேட்ட மிக உண்மையான ஜெபங்களில் அது ஒன்று. ஒன்றரை வருடம் அந்த நோட்டில் எழுதினாள்.

அதிகாலை ஐந்து மணி ஜெபத்தைப் பிள்ளைகள் மேல் கட்டாயமாக வைத்திருந்தால் எடுத்துவிடுங்கள். இந்த வயதில் உடம்பின் கடிகாரமே பின்னால் தள்ளிப்போகும், ராத்திரி சீக்கிரம் தூக்கம் வராது. 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவைப்படுகிற வயது. தூங்காத பிள்ளை சீக்கிரம் சோர்ந்துபோகும், அந்தச் சோர்வைப் பக்திக் குறைவு என்று தானே நினைத்துக்கொள்ளும். மாடிப்படியில் ஐந்து நிமிஷம், பஸ்ஸில் ஐந்து நிமிஷம் என்று இருக்கட்டும்.

மேடையைப் பற்றியும் பேச வேண்டும். எனக்கு இதில் கொஞ்சம் கடுமையான அபிப்பிராயம் உண்டு. பாடத் தெரிந்த பிள்ளையை, கீபோர்டு தெரிந்த பிள்ளையை நாம் உடனே மேடையில் ஏற்றிவிடுகிறோம். வாராவாரம் அவன் மற்றவர்களை ஆராதனைக்குள் நடத்த வேண்டும். அவனை யார் நடத்துகிறார்கள்? திறமையைப் பார்த்து ஆத்துமா நன்றாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறோம். அவன் திரும்பி வரும்போது, முதல் வேலையாகக் கிட்டாரைக் கையில் கொடுக்காதீர்கள். "கொஞ்ச நாள் நீ பாட்டு நடத்த வேணாம்டா, பின்னாடி என்கூட உக்காரு. இது தண்டனை இல்ல, ரெஸ்ட்" என்று சொல்லுங்கள். யாராவது கேட்டால் "படிப்பு இருக்கு" என்று நீங்கள் அவனுக்காகப் பொய் சொல்ல வேண்டாம், "கொஞ்சம் ஓய்வு எடுக்கிறான்" என்பது உண்மை, அதைச் சொல்லுங்கள். அவனுக்கு வேறு ஒரு வேலை கொடுக்கலாம், யாரும் கைதட்டாத வேலையாக. மாதத்தில் ஒரு சாயங்காலம் ஸ்டான்லி ஆஸ்பத்திரி வாசலில் நோயாளிகளுக்குத் துணையாக வந்து நடைபாதையில் படுத்திருக்கிறவர்களுக்கு இட்லிப் பொட்டலம் கொடுக்கப் போகும்போது அவனையும் கூப்பிடுங்கள். கடவுள் இருக்கிறாரா என்று தெரியாத நாளிலும் பசியோடு இருக்கிறவருக்குப் பொட்டலத்தைப் பிரித்துக் கொடுக்க முடியும். பல பிள்ளைகளுக்கு விசுவாசம் கை வழியாகத் திரும்பி வந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

இப்போது மேலே சொன்ன விதிவிலக்கு. பிள்ளை சொன்னதை ரகசியமாக வைப்பேன் என்று மொத்தமாக வாக்குக் கொடுக்காதீர்கள். "உனக்கோ வேறொருத்தருக்கோ ஆபத்துன்னா மட்டும் நான் ஒரு பெரியவங்களக் கூப்பிடுவேன், உங்கிட்ட சொல்லிட்டுத்தான் கூப்பிடுவேன்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். "உள்ள ஒண்ணுமே இல்ல" என்பதைச் சில நேரம் மனச்சோர்வில் இருக்கும் பிள்ளையும் இதே வார்த்தையில் சொல்லும். அதனால் ஜெபத்தை மட்டும் கேட்காமல், தூங்குகிறானா, சாப்பிடுகிறானா, கிட்டார் வாசிக்கிறானா, சிநேகிதர்களோடு விளையாடுகிறானா என்று பாருங்கள். பிடித்ததெல்லாம் பிடிக்காமல் போய் இரண்டு வாரத்துக்கு மேல் ஆகியிருந்தாலோ, கையில் கீறல் தெரிந்தாலோ, சாவைப் பற்றிப் பேசினாலோ, அன்றைக்கே அம்மாவிடம் பேசுங்கள், டாக்டரிடம் கூட்டிப்போங்கள். 14416 அரசாங்கத்தின் இலவச மனநல உதவி எண், தமிழில் பேசலாம். அந்த இடத்தில் உபவாச ஜெபமும் இருக்கட்டும், டாக்டரும் இருக்கட்டும். யாராவது அவனைப் பாலியல் ரீதியாகத் தொந்தரவு செய்தது தெரிந்தால், அது சபைக்குள்ளேயே நடந்திருந்தாலும், குழந்தைகள் உதவி எண் 1098க்கோ போலீசுக்கோ சொல்லியே ஆக வேண்டும். பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012 போக்சோ சட்டப்படி தெரிந்தும் சொல்லாமல் இருப்பது குற்றம். சபையின் பேர் கெட்டுவிடும் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். இன்னொன்று, பிள்ளைகளோடு தனியாகப் பேசும்போது கதவு திறந்த இடத்தில், நாலு பேர் பார்க்கும் இடத்தில் பேசுங்கள். ராத்திரி பதினொரு மணிக்கு வாட்ஸ்அப் ஆலோசனை வேண்டாம். உங்களுக்கும் நல்லது, பிள்ளைக்கும் நல்லது.

இனி அவனைப் போய்ப் பார்க்கும் விஷயம். வீட்டுக்குப் போகாதீர்கள், வீட்டில் அம்மா முன்னால் அவனால் பேச முடியாது. குரூப்பில் மறுபடி சேர்க்காதீர்கள். வருகிற ஞாயிறு விடியற்காலையில் காசிமேட்டுக்குப் போங்கள். மீன் வாங்கப் பையை எடுத்துக்கொண்டு போங்கள், வாங்கவும் வாங்குங்கள். உயிர்த்த பிறகு இயேசு சீஷர்களைப் பார்க்கப் போனதும் அப்படி ஒரு விடியற்காலையில்தானே. ராத்திரி முழுக்கத் தொழில் பார்த்துவிட்டு வந்தவர்களிடம் ஜெப ஆலயத்துக்கு ஏன் வரவில்லை என்று அவர் கேட்கவில்லை. கரையில் நெருப்பு மூட்டி மீன் சுட்டு வைத்துக்கொண்டு சாப்பிடக் கூப்பிட்டார். அதில் பேதுருவும் இருந்தார், மூன்று தடவை மறுதலித்தவர். பேதுருவுக்கு ராயப்பர் என்றும் பெயர், அந்த ராயப்பர் பேரில்தான் நம் ராயபுரமே இருக்கிறது என்பார்கள்.

அவன் அம்மா வியாபாரத்தில் இருப்பார், அவன் ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் நிற்பான். உங்களைப் பார்த்ததும் முகம் மாறும். கூட்டத்துக்கு ஏன் வரவில்லை என்று கேட்காதீர்கள். கூட்டம் கொஞ்சம் குறைகிற நேரம் பார்த்து டீ வாங்கிக் கொடுங்கள். "தம்பி, அன்னிக்கு நீ உண்மையச் சொன்ன. நான் பயந்துட்டேன், தப்பாப் பேசிட்டேன். மன்னிச்சிக்கோ. எனக்கும் சில நாள் அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லுங்கள். கடைசி வரி உங்களுக்கும் உண்மையாக இருந்தால் மட்டும் சொல்லுங்கள். இல்லையென்றால் விட்டுவிடுங்கள், அவனுக்கு நடிப்பு உடனே தெரியும். அவன் பதில் சொல்லாமல் இருக்கலாம். டீ கிளாஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அவன் கூடையைத் தூக்கினால், அதன் இன்னொரு கைப்பிடியை நீங்கள் பிடித்துக்கொள்ளுங்கள். என்ன நடந்தது என்று அவனைப் பற்றி எனக்கு எழுத வேண்டாம், அது அவனுடையது. உங்களுக்கு எப்படி இருந்தது என்று எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா